திங்கட்கிழமைக்குள் ஒரு பாத்ரூம்

பிளம்பர் தொழிலில் குழாயைவிட அதிகமாக ஒழுகுவது நாங்கள் கொடுக்கும் வாக்குதான். பழைய வீட்டில் பாத்ரூமை மாற்றியவர்களுக்கும், அந்த நாட்களில் பக்கத்து வீட்டுக்கு வாளியோடு போய் நின்றவர்களுக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. “ரெண்டு நாள் வேலைம்மா” என்று நான் சொன்ன எதுவும் ரெண்டு நாளில் முடிந்ததில்லை. சொல்லாமல் இருந்ததும் இல்லை. ஒரகடம் பக்கத்தில் போன வருஷம் செய்த ஒரு வேலையைச் சொல்கிறேன். நீங்களும் பட்டவர்கள்தானே, கேளுங்கள்.

கையோடு வந்த குழாய்

குமரேசனுக்கு நாற்பத்தெட்டு வயது. கார் உதிரிபாகக் கம்பெனியில் அசெம்ப்ளி லைனில் நின்றவர். பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. காலை இழுத்து இழுத்து நடந்துவிடுவார். கை மட்டும் தொங்கும். அவர் அப்பா கட்டிய வீடு. பாத்ரூமில் குந்தி உட்காரும் பழைய பேசின்தான். அதில் அவரால் உட்காரவும் முடியாது, எழவும் முடியாது. மனைவி செல்வி லீவு போட்டு, இரண்டு மாதமாக ஓட்டை போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்கார வைத்துக் கழுவி விட்டுக்கொண்டிருந்தார். செல்விக்கும் கம்பெனி வேலைதான். லீவு முடிந்துவிட்டது, திங்கட்கிழமை செகண்ட் ஷிப்டுக்குப் போயாக வேண்டும். அதற்குள் வெஸ்டர்ன் வைத்து, குமரேசன் யார் துணையும் இல்லாமல் போய்வரும்படி செய்துதர வேண்டும் என்று புதன்கிழமை என்னைக் கூப்பிட்டார்.

பழைய வீட்டில் எதைத் தொடுவதற்கு முன்னாலும் டேங்க் வால்வை மூட வேண்டும். மூடினேன். சக்கரம் சுற்றியது, தண்ணீர் நிற்கவில்லை. நின்றதா என்று பார்க்காமல் பழைய குழாயைத் திருகினேன். சுவருக்குள் இருந்த இரும்பு பைப் துருவேறி அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. குழாய் கழுத்தோடு என் கையில் வந்துவிட்டது. முகத்தில் அடித்த தண்ணீரை ஒரு கையால் பொத்திக்கொண்டு நின்றேன். சத்தம் கேட்டு ஓடிவந்த செல்வி சொன்னது: “ஒன்னு கழட்டி ஒன்னு மாட்டுற வேலைன்னு போன்ல சொன்னீங்களேண்ணா, செவுத்தையும் சேத்துக் கழட்டுவேன்னு சொல்லவே இல்லியே?”

டைல்ஸ் தின்ற ஒன்றரை அங்குலம்

இரும்பு பைப்பையெல்லாம் பிடுங்கிப் போட்டுப் புது பைப் ஓட்டினேன். மேஸ்திரி டைல்ஸ் ஒட்டினார். சனிக்கிழமை காலையில் கம்மோடைத் தூக்கி வைத்தால் உட்கார மாட்டேன் என்கிறது. பின்பக்கத் தொட்டி சுவரில் இடிக்கிறது. நான் அளந்தது வெறும் சுவரிலிருந்து. டைல்ஸும் கலவையும் சேர்ந்து ஒன்றரை அங்குலத்தைத் தின்றுவிட்டன. கற்றுக்குட்டி செய்யும் தப்பு. அவசரத்தில் நானே செய்துவிட்டேன்.

கம்மோடை வண்டியில் கட்டிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் கடைக்குப் போனேன். குறைந்த இடத்தில் உட்காருகிற மாடல் ஒன்றை மாற்றிக் கொடுத்தார் கடைக்காரர். கொடுத்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். “போன மாசம் ஒர்த்தன் இதே மாரி டைல்ஸ விட்டுட்டு அளந்துக்கினு வந்தான். அப்போ இதே ஸ்டூல்ல குந்திக்கினு சிரிச்சது நீதானண்ணா?”

குடிக்காத தண்ணீர்

அன்று மத்தியானம் குமரேசனுக்கும் எனக்கும் செல்வி சாப்பாடு வைத்தார். குமரேசன் நாலு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளினார். தண்ணீரைத் தொடவே இல்லை. “இந்த வெயில்ல தண்ணி குடிக்காம இருந்தா உடம்பு இன்னாத்துக்கு ஆவும்?” என்றேன். டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

கை கழுவப் பின்பக்கம் போனபோது செல்வி அங்கே நின்றுகொண்டிருந்தார். அவர்களுக்கு பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இருக்கிறாள். எனக்கும் அந்த வயதில் ஒரு பெண் உண்டு. அதனாலோ என்னவோ, செல்வி தணிந்த குரலில் சொன்னது இன்னும் எனக்குள் கிடக்கிறது: “திங்கக்கெழமைலேர்ந்து சாயங்காலத்துல வூட்ல அவரும் பொண்ணும்தாண்ணா. நான் பாத்துக்கிறேம்மான்னுதான் அவ சொல்றா. அதுக்கு நான் செத்தே பூடலாம்னுட்டு, இவரு இப்பவே தண்ணியக் கொறச்சிப் பழகிக்கினு கீறாரு.”

பழக்கதோஷம்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்தது. இடது கையால் பிடித்து எழுந்திருக்க இடது சுவரில் கம்பி வைத்திருந்தேன். யோசித்துச் செய்தோம் என்ற பெருமை வேறு. குமரேசன் கம்பியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். செல்வி முகத்தில் அப்போதுதான் சிரிப்பைப் பார்த்தேன்.

பிறகு குமரேசன் தண்ணீர் பீச்சும் குழாயைத் தேடினார். அது வலது சுவரில் தொங்கியது. வலது கையில் பிடித்து இடது கையால் கழுவுவதுதானே நம் வழக்கம். எல்லா வீட்டிலும் அந்தப் பக்கம்தான் வைத்திருக்கிறேன். அவருடைய தொங்கும் கையை நாலு நாளாகப் பார்த்துக்கொண்டே அந்தச் சுவரில் ஓட்டை போட்டிருக்கிறேன்! இடது பக்கம் மாற்றினாலும் ஆகாது. பிடிக்க ஒரு கை, கழுவ ஒரு கை வேண்டும். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை: “வுடுண்ணா. உனுக்கு ரெண்டு கையும் நல்லா கீது, அதுக்கு ஏத்தாப்ல வச்சிட்ட.”

துண்டால் கட்டிய கை

திங்கட்கிழமை விடிந்ததும் போய்விட்டேன். என் வலது கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் கட்டச் சொல்லி, மூடிய கம்மோடின் மேல் உட்கார்ந்தேன். குமரேசன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். லைனில் நின்ற மனிதருக்கு, எது எங்கே இருந்தால் கைக்கு எட்டும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “ரெண்டு வெரல் கீழ”, “இன்னும் முன்னால” என்று அவர் சொல்லச் சொல்ல, ஒற்றைக் கையால் எட்டிப் பார்த்து பென்சிலால் குறித்தேன். சீட்டுக்கு அடியில் தானாகப் பீச்சும் ஜெட். அதன் திருகு இடது சுவரில். அதற்கு முன்னால் கை கழுவக் குழாய். டைல்ஸை உடைக்க நேரமில்லை, பைப்பைச் சுவருக்கு வெளியிலேயே கிளாம்ப் போட்டு ஓட்டினேன். பார்க்க அழகில்லைதான். பசை காய்ந்ததும் தண்ணீரைத் திறந்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை.

ஒன்றரை மணிக்குக் கம்பெனி பஸ். ஒரு மணிக்குக் குமரேசன் உள்ளே போனார். யூனிபார்மோடு பின்னாலேயே போன செல்வியை ஒரு பார்வையில் நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. “தாப்பா போடாதய்யா” என்று செல்வி பதறினார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் நின்றோம். வெகுநேரம் கழித்து ஜெட் பீச்சியது, நின்றது. பிறகு கை கழுவும் குழாய் திறந்தது, மூடியது. கதவு திறந்தபோது அவர் நெற்றியெல்லாம் வேர்வை. வேட்டியை இடது கையால் தானே செருகிக்கொண்டு செல்வியிடம் சொன்னார்: “இன்னா பாத்துக்கினு நிக்கிற? பஸ் வந்துடும், கெளம்பு. பாப்பா வந்தா நான் பாத்துக்கிறேன்.”

அதற்குப் பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும் டேப்பை எடுப்பதற்கு முன்னால் “கையைக் கொஞ்சம் காட்டுங்க” என்று கேட்டுவிடுகிறேன், பிளம்பரைக் கூப்பிட்டால் ஜோசியக்காரன் வந்திருக்கிறானே என்று சிலர் முழிக்கத்தான் செய்கிறார்கள்.