வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு சட்டை

ஒரகடம் தாண்டியதும் டாக்சியின் ரேடியேட்டர் கொதித்துவிடுகிறது. டிரைவர் தண்ணீருக்காக ஏரிப் பக்கம் போகிறார். மாலையில் மீனம்பாக்கத்தில் எனக்கு விமானம். இத்தனை வருஷம் பாய்லர்களோடு மல்லாடிய இஞ்சினியர் நான்; மனைவியை ஊரில் விட்டுவிட்டுக் கனடாவுக்கு வேலைக்குப் போகிறேன்.

சாலையோர வேர்க்கடலைக் கொல்லையில் ஒரு பொம்மை நிற்கிறது. தலை மண்பானை. உடம்பிலோ வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை.

"யார் சட்டைம்மா?" களை எடுக்கும் பெண்ணிடம் கேட்கிறேன்.

"பிள்ளைப்பாக்கத்து இஞ்சினியருது சார். கனடா பூட்டாரு. அந்தக் குளிருக்கு ஒதவாதுன்னு அவரு சம்சாரம் குடுத்தாங்க. எப்படித் திருப்பி நட்டாலும் காலைல ரோட்டையே பாத்துக்கினு நிக்குது."

சாதாரணமாகத்தான் சொல்கிறாள். கொல்லையில் ஒரு குருவிகூட இல்லை.

"நீங்க எங்க சார் போறீங்க?"

சொல்கிறேன். என்னை ஏற இறங்கப் பார்க்கிறாள்.

"பழைய சட்டைங்கள வூட்லயே வெச்சிட்டீங்களா?"

மனைவி காலையில் என் பருத்திச் சட்டைகளை மூட்டை கட்டிப் பரணில் போட்டது நினைவுக்கு வருகிறது. தலையாட்டுகிறேன்.

"கீழ்க்கொல்லைக்கும் ஒண்ணு வேணும் சார்."

அவள் காட்டும் இடத்தில், குறுக்கே கழி கட்டிய கம்பு ஒன்று வெறுமனே நிற்கிறது. உயரமும் தோள் அகலமும் என்னுடையவை.