பிரிக்பீல்ட்ஸில் மூன்று ஜோடி ஸ்பீக்கர்கள், ஒரே நாற்காலி

வீட்டு ஸ்பீக்கரில் ஒரு பக்கம் ஊமையாகிவிட்டது. தரையில் நிற்கிற உயரமான ஜோடி ஒன்று வாங்கலாம் என்று போன புதன்கிழமை கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் போய் வந்தோம், நானும் மனைவி சரசுவும். எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் மீனா போனில் தட்டுகிறாள். ஸ்பீக்கர் தேடிப் போகிறவர்களுக்கு உதவட்டும்.

காலை 8.50 ரயில். கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷன் போய்ச் சேர ஒரு மணி பத்து நிமிஷம். மூத்தவர்களுக்குப் பாதிக் கட்டணம், அடையாள அட்டையை மறக்காதீர்கள். அங்கிருந்து கடைக்கு நடை பன்னிரண்டு நிமிஷம். சரசுவின் முட்டி வலியோடு எங்களுக்கு இருபது ஆனது, நடுவில் ஒரு தே தாரிக், நுரை வர ஆற்றின டீ, இரண்டு ரிங்கிட் இருபது சென்.

கடை இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. கடைக்காரர் முரளிக்கு நாற்பது வயதிருக்கும்.

"ஏறியே வந்துட்டீங்களா ஆன்டி! கீழ இருந்து போன் அடிச்சிருந்தா ஸ்பீக்கரத் தூக்கிட்டு வந்திருப்பேன் லா."

"எறக்கினா திரும்ப நீங்கதான் ஏத்தணும் தம்பி," என்றேன். சரசு சும்மா சிரித்தாள்.

அறை நடுவில் ஒரே நாற்காலி. அதில் அவளை உட்கார வைத்துவிட்டு நான் பின்சுவரோரம் போய் நின்றேன். டெங்கில் ஊர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் முப்பது வருஷம் ஒலிபெருக்கி கட்டியவன் நான். கடைசி வரிசை ஆளுக்குக் கேட்கிறதா என்று பார்த்தே பழகின காது. வீட்டு ஸ்பீக்கரை அப்படி நின்று கேட்கக் கூடாதென்பது அப்போது உறைக்கவில்லை.

முதல் ஜோடி 4,200 ரிங்கிட். வீட்டிலிருந்து கொண்டுபோன சிடியைப் போடச் சொன்னேன். ஜால்ரா தனியாக, மிருதங்கம் தனியாக, கண்ணாடி மாதிரி. இதுதான் என்று முடிவே பண்ணிவிட்டேன். கடைசியில் புல்லாங்குழல் மட்டும் தேய்ந்து தேய்ந்து நின்றது. பாட்டு முடிந்தது. சரசுவின் தலை மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

முன்னால் போய் நின்றேன். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினாள்.

"பாட்டு முடிஞ்சிருச்சு சரசு."

"தெரியும்."

"எப்ப முடிஞ்சிச்சு?"

கைப்பை வாரைத் திருகினாள். "வீட்டுல உங்க மொகத்தப் பாத்துக்கிட்டே தலய ஆட்டுவேன். இங்க பின்னாடி போயி நின்னுக்கிட்டீங்க."

"எத்தன நாளா?"

"பேச்சு ஓரளவு கேக்குது. பாட்டுத்தான் ஒரு வருஷமா எங்கயோ தூரத்துல கேக்குது. சொன்னா நீங்க பாட்டுப் போடறதையே விட்டுருவீங்க."

தினமும் சாயங்காலம் எதிரே உட்கார்ந்திருந்தவள்.

முரளி நாற்காலியை நான்கடி முன்னால் இழுத்துப் போட்டார். இரண்டாவது ஜோடியும் அவளுக்கு எட்டவில்லை. மூன்றாவது, யாரோ விற்றுவிட்டுப் போன பழைய ஜோடி, 1,650 ரிங்கிட். சத்தத்தைக் கூட்டவில்லை. எனக்கு அது போர்வை போர்த்தின மாதிரி மந்தம். ஜால்ராவைத் தேட வேண்டியிருந்தது. பாடுகிறவள் குரல் மட்டும் முன்னால் வந்து நின்றது.

சரசு கையைத் தூக்கினாள். "இருங்க. பாடறதுக்கு முந்தி மூச்சு இழுக்கறா."

எத்தனையோ தடவை கேட்ட பாட்டு. அந்த மூச்சை நான் கவனித்ததே இல்லை.

"அங்கிள், உங்களுக்கு இது புடிக்காது லா," என்றார் முரளி. "மிருதங்கத்தோட பேஸும் கம்மி."

"புடிக்கலதான். கட்டுங்க தம்பி."

கிள்ளானுக்கு வேன் கூலி எண்பது ரிங்கிட். பெட்டி ஒன்று இருபத்திரண்டு கிலோ, வாசலில் இறக்க ஆள் வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு: வார நாளில் காலையில் போங்கள், கடை காலியாக இருக்கும். மனப்பாடமான பாட்டைக் கொண்டுபோங்கள். எல்லா ஜோடியையும் ஒரே அளவு சத்தத்தில் கேளுங்கள், கூட்டி வைத்தால் எதுவும் நன்றாகத்தான் இருக்கும். வீட்டில் எவ்வளவு தூரத்தில் உட்காருவீர்களோ அதே தூரத்தில் உட்காருங்கள். கூடக் கேட்கப் போகிற ஆளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள், அவர் தனியாகக் கேட்டுச் சொல்லட்டும்.

வருகிற செவ்வாய்க்கிழமை கிள்ளானில் சரசுவுக்குக் காது டெஸ்ட். நானும் உள்ளே வரலாமா என்று கேட்டேன்.

"வாங்க," என்றாள். "ஆனா என் பின்னாடி நில்லுங்க. முன்னாடி நின்னீங்கன்னா உங்க மொகத்தப் பாத்தே பாஸ் பண்ணிருவேன்."