ஆல்ஸ்டன் கழற்றிய ரேடியோ

கரீபியன் கடலின் காரியாகூ தீவில் ஆல்ஸ்டன் மெக்லாரனைத் தெரியாதவர் இல்லை. அப்படி யாராவது படகிலிருந்து இறங்கினால், அவனே போய்த் தன்னைத் தெரியப்படுத்திவிடுவான். சரக்குக் கப்பலில் பல வருடம் உருளைக்கிழங்கு உரித்தவன், ஊர் திரும்பியதும் ரேடியோ அதிகாரியாக இருந்தேன் என்றான். முற்றத்தில் மூங்கில் நட்டு ஏரியல் கட்டினான். புயல் நிவாரணக் குழு அவனுக்கு ஒரு தொப்பி கொடுத்துத் தொலைத்தது. தேவாலயத்தில்கூட அதைக் கழற்ற வைக்க மனைவி வெர்லினால் முடியவில்லை.

எல்மாவின் ரம் கடையில் அவன் ஓயாமல் நடத்திய பாடம் சூரியப் புயல்.

"சூரியன்ல வெடிப்பு வந்துச்சுன்னா பகல்ல சிற்றலை ரேடியோ செத்துரும். நம்ம பேச்சு வானத்துல பட்டுத் திரும்பணும்ல? திரும்பாது, மேலயே முழுங்கிரும். விவரம் கெட்டவன் செட்டு ரிப்பேர்னு கழட்டுவான். விவரம் தெரிஞ்சவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருப்பான். தானா வரும்."

கேட்டுக் கேட்டு வெர்லினுக்கே அது மனப்பாடம்.

அந்தச் செப்டம்பரில் வெர்லினின் தம்பி டெல்ராய் வெளிக்கடலில் மீன் பிடித்துக்கொண்டிருந்தான். அங்கே செல்போன் எட்டாது, சிற்றலை ரேடியோ ஒன்றுதான் எட்டும். தினமும் உச்சிவேளையில் ஆல்ஸ்டன் அவனைக் கூப்பிட்டு வானிலை சொல்வான். புயல் வருமென்றால் எங்கள் படகுகள் வீடு திரும்பி, அலையாத்திக் காட்டுக் காயலுக்குள் ஒதுங்குவது வழக்கம். ஆனால் வடக்கே போய்க்கொண்டிருந்த புயல் அன்று காலை நேராக இந்தத் தீவைப் பார்த்துத் திரும்பிவிட்டது. டெல்ராய் வழக்கப்படி வீட்டுக்குக் கிளம்பினால் அதன் வாயிலேயே போய் விழுவான். தெற்கே டிரினிடாடுக்குப் போ என்று யாராவது சொல்லியாக வேண்டும்.

உச்சிவேளையில் ஆல்ஸ்டன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு ரேடியோ முன் அமர்ந்தான். அதுவரை பேசிக்கொண்டிருந்த பக்கத்துத் தீவுக் குரல்கள் சட்டென்று நின்றன. இரைச்சல்கூட இல்லை.

"நீ சொல்லுவியே, அந்தச் சூரியச் சங்கதியா இருக்குமோ?" என்றாள் வெர்லின்.

"என் செட்டுக்கா? நேத்து நீ தூசி தட்டுனியே, அதான். எதையோ இழுத்து விட்டிருக்க."

"துணியால தொடச்சேன்யா! கொஞ்சம் பொறு மனுசா, தம்பி கடல்ல இருக்கான்."

"தொழில் தெரிஞ்சவன் வேலை செய்யும்போது குறுக்க பேசாத."

ஸ்க்ரூடிரைவரை எடுத்துவிட்டான் மகாமேதை. சற்று நேரத்தில் ரேடியோ கட்டில் மேல் குடல் சரிந்து கிடந்தது. வெர்லினுக்கு அவன் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது. அதற்கு நேரமில்லாததால் எல்மாவின் கடைக்கு ஓடினாள்.

உடைத்த படகிலிருந்து கழற்றிய பழைய செட் ஒன்று அங்கே அலமாரியில் இருந்தது. அதுவும் ஊமை.

"காலைல இருந்து கத்திக்கிட்டு இருந்துச்சு, இப்பத்தான் வாயை மூடுச்சு," என்றாள் எல்மா. கருவாட்டு வடை பொரிப்பதை விட்டு அதைத் தொட்டுப் பார்க்க அவளுக்கு என்ன தலையெழுத்து?

வெர்லின் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். ரெண்டு செட்டும் ஒரே நேரத்தில் கெட்டுப்போகாது, சூரியன்தான் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆன பிறகு இரைச்சல் வந்தது, பிறகு குரல்கள் வந்தன, கடைசியில் டெல்ராய் வந்தான்.

"ஆல்ஸ்டன் மச்சான், கேக்குதா? வீட்டுக்குக் கிளம்புறேன். ஓவர்."

பாய்ந்து மைக்கைப் பிடித்தாள். "டேய், அக்காடா! வீட்டுக்கு வராத! புயல் இங்க திரும்பிருச்சு. தெக்க டிரினிடாடுக்குப் போ!"

பதில் இல்லை. அவளுக்கு உயிரே போயிற்று.

"ஓவர் சொல்லுடி! நீ பேசி முடிச்சேன்னு தெரியாம அவன் காத்துக்கிட்டு இருப்பான்," என்று கத்தினாள் எல்மா.

"ஓவர்! ஓவர்!"

"சரிக்கா, திருப்பிட்டேன். மச்சானுக்கு என்னாச்சு, உடம்பு சரியில்லையா? ஓவர்."

வெர்லின் அழுதுகொண்டே சிரித்தாள்.

புயல் வந்தது, பாதிக் கூரைகளைப் பிடுங்கிக்கொண்டு போனது. டெல்ராய் முழுசாக வீடு திரும்பினான். ரம் கடை மறுபடி திறந்த அன்று, தொப்பியோடு முதல் ஆளாக வந்து உட்கார்ந்தான் ஆல்ஸ்டன்.

"சூரியன்தான்! அன்னிக்கே எனக்குத் தெரியும்," என்று ஆரம்பித்தான்.

வெர்லின் உள்ளே வந்தாள். பிஸ்கட் டின்னிலிருந்த திருகாணிகளையும் கம்பித் துண்டுகளையும் அவன் கிளாஸுக்குப் பக்கத்தில் கொட்டினாள்.

"இதையும் சூரியன்தான் கழட்டுச்சா?" என்று கேட்டாள். இந்தத் தடவை அவள் மறக்கவில்லை. "ஓவர்."