குளிப்பாட்டிய மூன்று பேர்

அண்ணனைக் குளிப்பாட்டியவர்கள் மூன்று பேர்: அவருடைய சித்தப்பா, மச்சான், நான். அவர் என் கூடப்பிறந்த அண்ணன் இல்லை. வெலிமடையிலிருந்து கோவா, கேரட் ஏற்றும் மரக்கறி லாரிகளில் சுற்றிக்கொண்டிருந்த எனக்கு, மடுல்சீமைப் பக்கம் வரும்போதெல்லாம் தேயிலைத் தோட்டத்துத் தன் லய வீட்டில் பாய் போட்டுக் கொடுத்தவர்.

ஏதோ திருட்டு விசாரணை என்று ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டில் எல்லோரும் பார்க்க, அவரை போலீஸ் ஜீப்பில் ஏற்றிப் போனார்கள். வியாழக்கிழமை பிரேதமாகக் கொடுத்தார்கள். ஜீப்பிலிருந்து குதித்து விழுந்தாராம். சிங்களத்தில் எழுதிய ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத்தான் அண்ணி உடலை வாங்கினார். அதில் என்ன இருந்தது என்று அவருக்கும் தெரியாது, ஏழாம் வகுப்போடு நின்ற எனக்கும் தெரியாது.

லயத்துக்குப் பின்னால் சேலையை மறைப்பாகக் கட்டி, பெஞ்சில் கிடத்திக் குளிப்பாட்டினோம். சீயக்காய் தேய்த்துக்கொண்டே வந்து காலைப் பிடித்தபோது சித்தப்பாவின் கை நின்றது. இரண்டு உள்ளங்கால்களும் கறுத்து வீங்கியிருந்தன. குறுக்கே கோடு கோடாகத் தோல் பிளந்திருந்தது. விழுந்தவனுக்கு அங்கே அடிபடாது.

மூன்று பேரிடமும் போன் இருந்தது. ஆனால் எங்கள் ஆட்கள் பிரேதத்தை வெறும் உடம்போடு படம் எடுக்க மாட்டார்கள். புதுவேட்டி கட்டி, திருநீறு பூசி, மாலை போட்ட பிறகுதான் எடுத்தோம். மறுநாள் தேயிலைச் சரிவில் புதைத்தோம்.

பதுளையில் அண்ணியும் நானும் பார்த்த சட்டத்தரணி அம்மா அந்தப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார்.

"முகமும் பூவும்தான் இருக்கு. காலு எங்க?"

அண்ணி போனை வாங்கி மடியில் கவிழ்த்து வைத்தார்.

"பாத்தவங்க ஒருத்தராவது சத்தியக் கடதாசி குடுத்தா, தோண்டி எடுத்துத் திரும்பப் பரிசோதிக்கக் கேக்கலாம். சீக்கிரம் செய்யணும்."

தோட்டத்துக்குத் திரும்பி வந்து சாட்சிக் கையெழுத்துக் கேட்டபோது சித்தப்பா கத்தினார். "எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. ஜீப்பு மறுபடி வராதுன்னு நீ எழுதிக் குடுப்பியா?"

மச்சான் என்னைக் காட்டிச் சிரித்தார். "இவனுக்கென்ன மாமா, கையெழுத்துப் போட்டுட்டு கோவா மூட்டை மேல ஏறிப் போயிருவான். ஒத படறது நாம."

தப்பாகச் சொல்லவில்லை. ஓர் இடத்தில் ஒரு வருஷம் சேர்ந்தாற்போல் நான் இருந்ததில்லை.

நான் கையெழுத்துப் போடப் போனபோது சட்டத்தரணி விலாசம் கேட்டார். அடையாள அட்டையில் இருப்பது பசறைப் பக்கம் மண்சரிவில் போன ஒரு லயம்.

"கோர்ட்டு அழைப்பாணைய எங்க அனுப்புறது? சாட்சி ஆளைக் காணோம்னா மனு நிக்காது தம்பி."

அண்ணி தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணனுடைய தோட்டத்தின் பெயரை விலாசமாகச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கடைசி லயத்தில் ஒழுகுகிற ஒரு காம்பரா அறை காலியாகக் கிடந்தது. அதில் தங்கி, வேலை கிடைத்த நாளில் புல்லு வெட்டப் போனேன். லயத்துக்குக் கடிதம் நேராக வராது, தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். தினமும் போய்க் கேட்டேன்.

நான்காம் மாதம், கடிதத்துக்கு முன்னால் ஜீப் வந்தது. என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தேன்.

"நீ இன்னும் ஊருக்குப் போகல்லையா?"

"இல்லீங்க. கோர்ட்டுக் கடிதம் வரணும்."

என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போனார்கள். ஜீப் சத்தம் வளைவைத் தாண்டும்வரை சித்தப்பா வீட்டுக் கதவு திறக்கவில்லை.