செத்த வண்டின் மூளை

இந்த ஊரில் வண்டைக் கொன்றால் தேங்க்ஸ் சொல்கிறார்கள். இங்கிலாந்தில் நான் வேலை செய்யும் ஆராய்ச்சிக்கூடத்தில், உயிருள்ள வண்டை மருந்தில் அமுக்கி, தலையைத் திறந்து, மூளையை எடுத்துக் கொடுத்ததும் பேராசிரியர் வாயில் வரும் முதல் வார்த்தை அதுதான். மூன்று வருஷமாகியும் அதைக் கேட்டால் எனக்குக் கூசுகிறது.

இந்த ஊர்ச் சாணி வண்டின் மூளையையும் எங்கள் ஸ்ரீரங்கத்துச் சாணி வண்டின் மூளையையும் ஒப்பிடுவது எங்கள் வேலை. ஸ்ரீரங்கத்து வண்டுகளை என் அண்ணா ஸ்பிரிட் புட்டியில் போட்டு அனுப்பிவந்தான். மூளையில் வாசனையறியும் பகுதி காளான் குடை மாதிரி இருக்கும். எங்களூர் வண்டுகளுக்கு அது சுருங்கிச் சிறுத்திருந்தது. "வெயில் நாடுகளில் மூளை அவ்வளவாக வளர்வதில்லை போலும்" என்றார் பேராசிரியர், என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே. என்ன கொழுப்பு. வண்டைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா? கட்டுரையிலும் அதையே எழுதி என் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அந்தக் கட்டுரை வந்தால்தான் என் ஸ்காலர்ஷிப் நீளும். பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வருஷம் தங்கை கல்யாணத்துக்கு ஊருக்குப் போனபோது அண்ணாவிடம், வண்டை எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டேன்.

"பிடிக்கறதாவது? கார்த்தால வெளக்குக் கம்பத்தடியில செத்துக் கெடக்கும். பொறுக்கிப் போட்டேன். உசிரோட இருக்கறதை ஸ்பிரிட்ல முக்க நம்மாத்துல யாருக்குடா கை வரும்?"

தலையில் அடித்துக்கொண்டேன். செத்துக் காய்ந்த மூளை சுருங்காமல் என்ன செய்யும்? மறுநாளே பக்கத்திலிருக்கும் ஜீயபுரத்துக்குப் பஸ் ஏறி, வாழைத்தோப்பு ஓரத்தில் சாணியைக் கிளறி, உயிரோடு பிடித்து அங்கேயே மருந்தில் போட்டேன். குளித்துவிட்டு வந்தும் அண்ணா விடவில்லை. "கொன்ன கையோட தளிகை உள்ளுக்கு வராதே" என்று சமையலறை வாசலிலேயே மறித்தான். ஊரே பந்தியில் உட்கார, எனக்கு மட்டும் தனியே கூடத்தில் இலை போட்டார்கள்.

திரும்பி வந்து அந்த மூளைகளை அறுத்துப் பார்த்தோம். இரண்டு நாட்டு வண்டுக்கும் ஒரே அளவு. கட்டுரையை நிறுத்தச் சொன்னேன்.

"அச்சுக்குப் போய்விட்டதே. உங்கள் நாட்டுப்பற்று எனக்குப் புரிகிறது" என்றார் பேராசிரியர், பரிவோடு.

நாட்டுப்பற்றா? நான் அளவைப் பற்றியல்லவா பேசினேன்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியானால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பெயரை எடுத்தார், பொய்யை விட்டுவைத்தார். ஸ்காலர்ஷிப்பும் அத்தோடு போயிற்று.

அடுத்த வாரம் கப்பல். அந்தப் பாவத் தொழிலை விட்டுவிட்டு வா என்று அண்ணா எழுதியிருக்கிறான். விடமாட்டேன். ஜீயபுரத்து வண்டுகளின் மூளையைக் கண்ணாடித் தகடுகளில் ஒட்டி, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்திருக்கிறேன். இங்கே அவற்றைக் குனிந்து பார்க்க ஆளில்லை. அங்கே அவற்றை வீட்டுக்குள் வைக்க இடமில்லை.