நான் கிராணியாக நின்ற காலை

"உங்கம்மாவெல்லாம் சந்தையில நின்னு விப்பாங்களா? மண்ணக் கொத்தச் சொல்லு, கொத்துவாங்க. வாயத் தொறந்து ஒரு கட்டு கங்குங் கீரை விக்கச் சொல்லு, முடியாது லா."

இதைச் சொன்னவர் எங்கள் பண்ணையின் முதலாளி. முதலாளி என்றால் அவருக்குப் பிடிக்காது, நிறுவனர் என்று சொல்ல வேண்டும். அவர் அப்பாவுக்குச் சிரம்பானில் துணிக்கடை, ராசாவில் பெரிய வீடு, இவருக்கு வெளிநாட்டுப் படிப்பு. எங்கள் தோட்டத்தில் ரப்பரை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு வேலைக்கு வெளிநாட்டு ஆட்கள் வந்தார்கள். எங்கள் பெண்கள் செனாவாங் தொழிற்சாலைகளுக்கு ஷிப்ட் பஸ் ஏறினார்கள். அப்போதுதான் இவருக்கு எங்கள்மேல் அன்பு பிறந்தது. தோட்டத்து ஓரத்தில் சும்மா கிடந்த நிலத்தை எடுத்து, தோட்ட மக்களுக்கு வேலை, உள்ளூருக்கு உணவு என்று மூன்று மொழிகளில் பலகை வைத்தார். பயிர் வருவதற்கு முன்பே பலகை வந்துவிட்டது.

அம்மாவும் இன்னும் ஆறு பெண்களும் பஸ்ஸை விட்டுவிட்டுப் பண்ணை வேலைக்கு வந்தார்கள். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான்தான். விவசாயத்தில் பட்டமும் வாங்கியிருந்தேன். ஒருங்கிணைப்பாளர் என்று என்னை எடுத்துக்கொண்டார்கள்.

பண்ணையில் நாங்கள் வளர்த்தது கேல் கீரை. குளிரில் வளர வேண்டிய கீரை எங்கள் வெயிலில் வலைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. "இத ஆடுகூடத் திங்காது லா" என்பாள் அம்மா. அது பெட்டி பெட்டியாகக் கோலாலம்பூருக்குப் போனது, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அம்மா சிரிக்கிற படத்தோடு. அம்மாவோ வீட்டுக் கறிக்கு எங்கிருந்தோ வரும் காய்கறி லாரிக்குக் காத்து நின்றாள். வெண்டை, கத்திரி போட்டுச் செனாவாங் சந்தையில் நாமே விற்கலாமே என்று நிறுவனரிடம் கேட்டேன். அதற்குத்தான் மேலே எழுதிய பதில்.

பிறகு பெரட்டு பற்றி அவர் காதில் விழுந்தது. ரப்பர் காலத்தில் விடிவதற்கு முன் எல்லாரும் வரிசையில் நிற்க, தோட்டத்துக் கணக்கர், அதாவது கிராணி, பேர் கூப்பிட்டு அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுப்பார். தாமதமாக வந்தவரைத் திருப்பி அனுப்பிவிடுவார். அதுதான் பெரட்டு. கல்யாணத்துக்கு முன்பிருந்தே அம்மா அதில் நின்றவள். நிறுவனருக்கு இதைக் கேட்டுக் கண் கலங்கிவிட்டதாம்.

"இது நம்ம வரலாறு மா. வர்ற விசிட்டர்ஸ் இத அனுபவிக்கணும்."

அனுபவிக்கும் நேரம் காலை ஒன்பதரை, விருந்தினர்கள் பசியாறிய பிறகு. பெரட்டு மணி அடிக்க மரத்தில் ஒரு தண்டவாளத் துண்டைக் கட்டித் தொங்கவிட்டார். பெண்களைக் கிழிந்த சட்டை போட்டு வரச் சொன்னார். அவர்கள் தீபாவளிக்கு எடுத்ததைப் போட்டு வந்தார்கள்.

"நீதான் கிராணி. வெள்ளச் சட்ட, பெரிய புத்தகம். செமயா இருக்கும்!"

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்குப் பிடித்திருந்தது. அந்தக் காலத்தில் கிராணி வீட்டு வாசல்படியில்கூட எங்கள் ஆட்கள் உட்கார்ந்ததில்லை. இன்றைக்கு அந்தப் புத்தகம் என் கையில் என்று உள்ளுக்குள் ஒரு திமிர். சட்டைக்கு இஸ்திரி போட்டுக் கொடுத்தவள் அம்மா.

இரண்டு பஸ் நிறைய வந்தார்கள். நான் பேர் வாசித்தேன். மூன்றாவது பேர் அம்மாவுடையது. அதுவரை பக்கத்துப் பெண்ணின் விலாவில் இடித்துச் சிரித்துக்கொண்டிருந்தவள், பேரைக் கேட்டதும் நிமிர்ந்தாள். கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டன. பார்வை தரைக்குப் போனது.

"ஐயா" என்றாள்.

அப்படிச் சொல்லும்படி யாரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. விருந்தினர்கள் கை தட்டினார்கள். வீடியோவில் சரியாக விழவில்லை என்று ஒரு பெண்மணி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். அம்மா சொன்னாள். நான் புத்தகத்தை மூடாமல் நான்காவது பேரை வாசித்தேன். நிறுவனரை நான் கேவலமாக நினைப்பது உண்மை. அந்த நான்காவது பேரை வாசித்தவளை அதைவிடக் கேவலமாக நினைக்கிறேன்.

"நல்லாத்தான் கூப்ட்ட பாப்பா. அந்தப் பழைய கிராணி மாரியே" என்று சாயங்காலம் அம்மா சிரித்தாள்.

அடுத்த வாரமே நிறுவனர் திட்டத்தைச் சொன்னார். இனி வாரத்தில் மூன்று நாள் பெரட்டு. கீரை பாதி போதும். வரிசையில் நிற்பவர்களுக்கு மட்டும் வேலை.

எங்களில் மூத்தவரான பால்மரம் வெட்டிய பெரியம்மா எழுந்து நின்றார். "பாஸ், நான் நெசமாவே அதுல நின்னவ. இனிமே சும்மாக்கூட நிக்கமாட்டேன். வேணும்னா நீங்க நில்லுங்க, நாங்க பஸ்ல ஒக்காந்து பாக்குறோம்."

நிறுவனர் சிரித்தார். ஏழை துணிச்சலாகப் பேசினால் ரசிப்பதற்கென்று அவரிடம் ஒரு சிரிப்பு உண்டு. சிரித்து முடித்துப் பெரியம்மாவின் பேரை வேலைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார். "நீ பேசிப் புரிய வை மா" என்றார் என்னிடம்.

நான் பேசப் போனேன். அம்மா என்னைப் பேசவிடவில்லை.

"அவளுக்கு வேல இல்லன்னா எங்க யாருக்கும் வேணாம். ஆனா ஒன்னு, அந்த பேக்டரி பஸ்ல நான் திரும்ப ஏற மாட்டேன். படிச்சவதான நீ? ஒரு வழி பாரு."

கோலா பிலா போகும் வழியில் மக்சிக் என்று எல்லாரும் கூப்பிடும் ஒரு மலாய் அம்மாளின் நிலம் பழைய ரப்பரை வெட்டியபின் லாலான் புல் மூடிக் கிடப்பதாகக் கேள்விப்பட்டேன். மோட்டாரில் போய்ப் பார்த்தேன். அந்த அம்மாள் இரண்டே கேள்வி கேட்டார். லாலானை வளரவிடாமல் பார்த்துக்கொள்வாயா? எனக்குக் கத்திரிக்காய் கொடுப்பாயா? வரலாற்றைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வேலையை விடுவதாக நிறுவனருக்குக் கடிதம் அனுப்பினேன். உணர்ச்சிவசப்படாதே என்று பதில் வந்தது, கடைசியில் ஒரு சிவப்பு இதயப் படத்தோடு.

ஏழு பெண்களும் வந்துவிட்டார்கள். வெண்டை, கத்திரி, பயத்தங்காய், கங்குங் போட்டோம். செனாவாங் மாலைச் சந்தைக்கு அம்மா பேரில் லைசென்ஸ் எடுத்தேன். போன வியாழக்கிழமை முதல் தடவையாக மேசை போட்டோம். ஷிப்ட் முடிந்து வந்த ஒரு பெண் கத்திரிக்காயை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தாள்.

"முத்தலா இருக்கே அக்கா."

"காலையில பறிச்சது மா. வீட்டுக்குக் கொண்டுபோய் அமுக்கு, இங்க எல்லாத்தையும் அமுக்காத லா" என்றாள் அம்மா. அந்தப் பெண் சிரித்துக்கொண்டே இரண்டு கிலோ வாங்கிப் போனாள்.

மேசைக்கு ஒரு கால் குட்டை. ஆடிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே கிராணிப் புத்தகத்தை வைத்தேன்.