சீனாக்காரன் கடையில் கோழி வந்த நாள்

வினிகரும் பச்சை மிளகாயும் கலந்த நெடி எங்கே மூக்கில் ஏறினாலும் எனக்கு முதலில் பசியெடுக்கும், அடுத்த நொடியே கோபம் வரும். தேனியில் பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில், ஒரு செருப்புக் கடைக்கு மேலே மாடியில் இருந்த அந்தச் சீன உணவகத்தின் படிகளில் கால் வைத்ததுமே அந்த நெடி இறங்கிவந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும். மேலே கண்ணாடிக் கதவைத் தள்ளினால் ஏசிக் குளிர், சிவப்புக் காகித விளக்குகள், சுவரில் ஒரு பிளாஸ்டிக் டிராகன். நீளமான மேசையில் மூடி போட்ட அகலப் பாத்திரங்கள் வரிசையாக இருக்கும், அவற்றுக்கு அடியில் சின்னதாக நீல நெருப்பு எரியும். தலைக்கு இவ்வளவு என்று கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துச் சாப்பிடலாம் என்பதுதான் அங்கே விசேஷம். வாசலில் ‘அளவில்லாச் சாப்பாடு’ என்று பலகையே வைத்திருந்தார்கள். அப்பா அதைப் “பப்பே” என்பார். எங்கள் தெருவில் அது “சீனாக்காரன் கடை”. சீனாக்காரர் யாரும் அங்கே இல்லை. முதலாளி மதுரைப் பக்கத்துக்காரர், சமையல்காரர் ஆண்டிபட்டி.

எங்களுக்குச் சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம். 2002இல் ஒரு பூச்சிமருந்து வியாபாரி, தன்னிடம் மருந்து வாங்குகிற விவசாயிகளையெல்லாம் கூட்டிக்கொண்டுபோய் அந்தக் கடையில் விருந்து வைத்தார். அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. “அங்கன யாரும் அளந்து போட மாட்டாக. நம்ம பாட்டுக்கு எடுத்துக்கலாம். ஏன் எடுத்தேன்னு ஒரு பய கேக்க மாட்டான்.” கொடிக்குத் தண்ணீர் விடுவதிலிருந்து பழம் நிறுப்பதுவரை எல்லாவற்றுக்கும் யாராவது ஒருவர் அளந்து கொடுப்பதற்காகக் காத்துநின்றே பழகியவர் அவர். யாரும் அளக்காத ஓர் இடம் உலகத்தில் இருக்கிறது என்பது அவருக்குப் பெரிய சங்கதியாக இருந்தது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நல்லது எது நடந்தாலும் தேனிக்குத்தான் போவோம்.

போகிற நாளில் மத்தியானம் சோறு கிடையாது. “வயித்தக் காயப் போடுங்க, அப்பத்தான் அங்கன போயி நல்லா திங்க முடியும்” என்பார் அப்பா. அம்மா தண்ணீர்கூட அளவாகத்தான் தருவாள். கம்பத்தில் பஸ் ஏறி, உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஒவ்வோர் ஊராகக் கடக்கக் கடக்க எனக்கும் என் தம்பி முருகனுக்கும் வயிறு ஒட்டிப்போய், சன்னல் வழியாகத் தெரிகிற பரோட்டாக் கடைகளை எல்லாம் வெறித்துக்கொண்டு வருவோம். தேனியில் இறங்கும்போது கண் இருட்டும். அந்தப் பசியோடு கண்ணாடிக் கதவைத் தள்ளி உள்ளே போனால் முதலில் சூப். பசை மாதிரி இருக்கும், நடுவில் ஒரு துண்டு முட்டைக்கோஸ் மிதக்கும். அடுத்த பாத்திரத்தில் நூடுல்ஸ், கரண்டியால் தூக்கினால் மொத்தமும் ஒரே உருண்டையாக வரும். அதற்கடுத்து ஆறிப்போன சோறு. கடைசிப் பாத்திரம்தான் கோழி. அதைத் திறந்தால் அடியில் கொஞ்சம் சிவப்புக் குழம்பும் இரண்டு வெங்காயத் துண்டுகளும் இருக்கும்.

“இப்ப வந்துரும், உக்காருங்க” என்பார் முதலாளி. நாங்கள் உட்காருவோம். பசி தாங்காமல் சூப்பையும் நூடுல்ஸையும் அள்ளிப்போட்டு வயிற்றை நிரப்பிக்கொள்வோம். எங்களுக்கு இனி ஒரு வாய் இறங்காது என்கிற நேரத்தில், காரில் வந்த குடும்பம் ஏதாவது ஒன்று உள்ளே நுழையும், அவர்கள் உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் சமையலறைக் கதவு திறந்து கோழி வரும். நாங்கள் எழுந்துபோவதற்குள் தீர்ந்துவிடும். இது ஒரு தடவை நடந்தது அல்ல. திராட்சைக்கு நல்ல விலை கிடைத்த வருடம் நடந்தது, நான் பெரியவளான வருடம் நடந்தது, புது மோட்டார் போட்ட வருடம் நடந்தது. ஒவ்வொரு தடவையும் கீழே இறங்கி வரும்போது அப்பா, “இன்னிக்கிக் கூட்டம் சாஸ்தி. அடுத்த தடவ வெள்ளன வந்துருவோம்” என்பார். வீட்டில் அம்மா வைக்கிற கோழிக்குழம்பின் வாசனைக்கு அடுத்த தெருவிலிருந்து ஆள் வரும், ஆனால் விசேஷ நாளில் அடுப்புப் பக்கம் போக அப்பா அவளை விடமாட்டார். அவளுக்கு ஓய்வு கொடுப்பதாக அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

2006இல் நான் பத்தாம் வகுப்பில் எங்கள் பள்ளியிலேயே முதலாவதாக வந்தேன். அப்பா தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவர், சேதி கேட்டு அப்படியே கிளம்பிவிட்டார். மருந்தில் கலக்கிற மயில்துத்தத்தின் நீலம் அவர் நகங்களில் அப்படியே இருந்தது. முருகனுக்கு அப்போது பொன்னுக்குவீங்கி, இரண்டு கன்னமும் உப்பிப்போய்ப் படுத்திருந்தான். அவனைச் சித்தி வீட்டில் விட்டுவிட்டு நாங்கள் மூன்று பேர் மட்டும் போனோம். கிளம்பும்போது அவன் வாயைச் சரியாகத் திறக்க முடியாமல், “எனக்குக் கோழி கொண்டா” என்றான்.

அன்றைக்கு அதிசயமாகக் கோழி கொஞ்சம் கிடைத்தது. எனக்கு மூன்று துண்டு, அம்மாவுக்கு இரண்டு. அப்பா முதலாளியிடம் போய், “மகனுக்கு ஒடம்பு சரியில்ல, ரெண்டு துண்டு பார்சல் குடுத்தா காசு தனியாத் தந்துர்றேன்” என்று கேட்டார். பப்பேயில் பார்சல் கிடையாது என்று முதலாளி திரும்பிப் பார்க்காமலே சொல்லிவிட்டார். அம்மா தன் தட்டில் இருந்த இரண்டு துண்டையும் தின்னாமல், கை துடைக்கிற காகிதத்தில் மடித்துத் தன் மஞ்சள் பையில் வைத்துக்கொண்டாள். அவள் பங்கு அது. அவள் தின்றிருந்தால் யாரும் கேட்டிருக்க முடியாது.

வாசலை ஒட்டிய கல்லா மேசையில் முதலாளி எங்களை நிறுத்தினார். “பையைக் காட்டுங்க” என்றார். அம்மா தயங்கினாள். அவரே பையை வாங்கித் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, பஸ் டிக்கெட், முருகனுக்கு வாங்கிய மாத்திரை, வீரபாண்டிக் கோயில் திருநீறு, கடைசியாக எண்ணெய் கசிந்த அந்தக் காகிதப் பொட்டலம். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். “பட்டிக்காட்டுக்காரங்களுக்கு அளவில்லாமன்னு போட்டா இதான்” என்று அவர் அவர்களைப் பார்த்துச் சொன்னார். இரண்டொருவர் சிரித்தார்கள். அப்பா இரண்டு கைகளையும் கூப்பினார். “தப்புத்தான், மன்னிச்சிருங்க” என்றார். நகமெல்லாம் நீலமாக இருந்த அந்தக் கைகளையே நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளியில் முதலாவதாக வந்த நாள் எனக்கு அப்படித்தான் முடிந்தது.

பஸ் வீரபாண்டியைத் தாண்டியது. அம்மா அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள். “அவன் கொட்டுனதுகூட எனக்குப் பெருசாத் தெரியல. நீங்க கும்பிட்டீக பாருங்க, அதுதான் நெஞ்சுல நிக்கிது.” அப்பா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் அன்றைக்கே மனதில் முடிவு செய்துகொண்டேன், அந்த ஆளை விடக்கூடாது என்று. எப்படி என்று மட்டும் தெரியவில்லை.

வழி அடுத்த வருடம் வந்தது. நான் பள்ளிக் கபடி அணியில் இருந்தேன். தேனியில் நடந்த போட்டியில் ஒரே நாளில் மூன்று ஆட்டம் ஆடி ஜெயித்தோம். ஜெயித்தால் பிள்ளைகளுக்கு நல்ல சாப்பாடு வாங்கிக் கொடுங்கள் என்று கம்பத்து வியாபாரி ஒருவர் எங்கள் விளையாட்டு டீச்சர் மரகதத்திடம் முன்பே பணம் கொடுத்திருந்தார். எங்கே போகலாம் என்று டீச்சர் கேட்டதும் நான் சீனாக்காரன் கடையைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னேன், மற்ற பதினொரு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். “யாரையும் மரியாதை இல்லாமப் பேசக்கூடாது, எதையும் ஒடைக்கக்கூடாது. ரூலுக்குள்ள என்ன ஆடுனாலும் ஃபவுல் கிடையாது” என்றார் டீச்சர்.

நான் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். “சூப்பத் தொடாதீக. நூடுல்ஸப் பாக்கவே பாக்காதீக. ஆறு பேரு உக்காரு, ஆறு பேரு தட்டோட அந்தக் கடைசிப் பாத்திரத்துக்கிட்ட நில்லு. கோழி வந்தா மட்டும் கைய வைங்க.”

எங்கள் அணியில் பேச்சியம்மாள் என்று ஒருத்தி, எதிரணியில் நான்கு பேர் சேர்ந்து பிடித்தாலும் இழுத்துக்கொண்டு கோட்டுக்கு வந்துவிடுவாள். அவளை முன்னால் நிறுத்தினேன். “நூடுல்ஸ் எடுத்துக்கங்கம்மா” என்று பரிமாறுகிறவர் இரண்டு தடவை வந்து சொன்னார். “வேணாம்ணே, கோழிக்கு நிக்கிறோம்” என்றாள் அவள். அரை மணி நேரம் நின்றோம். கடைசியில் காரில் ஒரு குடும்பம் வந்தது, சமையலறைக் கதவு திறந்தது. பாத்திரம் மேசையில் உட்காருவதற்குள் ஆறு தட்டும் நிறைந்தன. அடுத்த ஆறு பேர் எழுந்து வந்தார்கள். வேறு வழியில்லாமல் இன்னொரு பாத்திரம் வந்தது, அதுவும் போயிற்று. மூன்றாவதும் போயிற்று. காரில் வந்தவர், எங்களுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லையே என்று குரலை உயர்த்தினார். முதலாளி அவரிடம் போய், “இப்ப வந்துரும் சார், உக்காருங்க” என்றார். அதைக் கேட்டபோது எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல இன்றைக்கும் எனக்கு வெட்கமில்லை.

முதலாளி எங்கள் மேசைக்கு வந்தார். “போதும்மா. மத்தவங்களும் சாப்பிடணும்ல.”

“அளவில்லாமன்னு நீங்கதான் போர்டு வச்சிருக்கீக” என்றேன்.

அந்தக் கோழி எப்படி இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஐந்து வருடத்தில் மூன்று துண்டுக்கு மேல் கிடைக்காத கோழி அது. மேல்மாவு தடிப்பாக, உள்ளே வேகாமல், பச்சை மாவாக இருந்தது. புளித்தது. சாயம் நாக்கில் ஒட்டியது. இருந்தாலும் ஒன்பது துண்டு தின்றேன்.

கிளம்பும்போது கல்லா மேசைக்குப் போய் என் பையைத் திறந்து நானே கொட்டினேன். வேர்வையில் நனைந்த சட்டை, முழங்கால் கட்டுத் துணி, ஒரு தண்ணீர்ப் புட்டி. எனக்குப் பின்னால் பேச்சியம்மாள் கொட்டினாள். ஒவ்வொருத்தியாகப் பன்னிரண்டு பைகளும் அந்த மேசைமேல் விழுந்தன.

“என்னம்மா இது?” என்றார் முதலாளி.

“நல்லாப் பாத்துக்கங்க. போன வருசம் எங்கம்மா பைய இங்கனதான் கொட்டுனீக.”

“எந்தம்மா?” என்றார்.

அவர் நடிக்கவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, உண்மையாகவே அவருக்கு நினைவில்லை. ராத்திரியெல்லாம் நான் விழித்துக் கிடந்து நினைத்த அந்த நாள் அவருக்கு ஒரு சாதாரண நாள். முருகனுக்கு வந்த நோயிலிருந்து அப்பா கும்பிட்டதுவரை சாப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். “சரி, நடந்தது நடந்துபோச்சு. இப்ப என்ன பண்ணச் சொல்ற?”

“எங்கப்பாகிட்ட மன்னிப்புக் கேளுங்க.”

“அவரு இங்க இல்லையேம்மா” என்றார்.

எல்லாவற்றையும் யோசித்த நான் அதை யோசித்திருக்கவில்லை. டீச்சர் என் தோளில் கை வைத்து, “போதும், வா” என்றார். திரும்பி வரும் வழியில் நான்கு பேர் சன்னல் வழியாக வாந்தி எடுத்தார்கள், நானும் ஒருத்தி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு, “நீ எத்தன துண்டு தின்ன?” என்றாள்.

“ஒம்போது.”

“ருசியா இருந்துச்சா?”

“இல்லம்மா. மாவே வேகல.”

“அப்பச் சரி” என்று சொல்லிச் சிரித்தாள். அவள் சிரிப்பு நிற்க வெகுநேரம் ஆயிற்று. சத்தம் கேட்டு அப்பா உள்ளே வந்தார். அவருக்கும் அம்மாவே சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. “அவரு என்ன சொன்னாரு?” என்று என்னைக் கேட்டார். “ஒங்ககிட்ட மன்னிப்புக் கேட்டதாச் சொல்லச் சொன்னாருப்பா” என்றேன். அப்பா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்பிடியா” என்று சொல்லிவிட்டு மோட்டார் போடப் போய்விட்டார்.

2010இல் நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அந்தக் கடையை மூடிவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அதை மூடவைத்தது நான் இல்லையே என்ற குறைதான் இருந்தது. பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இப்போது எல்லாமே மாறிவிட்டது. கீழே இருந்த செருப்புக் கடையும் இல்லை, மேலும் கீழுமாக முழுக் கட்டடமும் ஒரே ஜவுளிக் கடை. சிறுமிகளுக்கான உடைகள் இருப்பது மாடியில், கல்லா மேசை இருந்த அதே இடத்தில்.

போன தீபாவளிக்கு என் மகளுக்குத் துணி எடுக்க அப்பாவையும் அழைத்துக்கொண்டு போனேன். தோட்டத்தைத் தம்பி பார்த்துக்கொள்கிறான், அப்பாவுக்கு இப்போது நிறைய நேரம் இருக்கிறது. பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு படிவரைக்கும் வந்தவர் அங்கேயே நின்றுவிட்டார். “நீங்க போயிட்டு வாங்க. நான் இங்கன நிக்கிறேன்” என்றார். முழங்கால் வலியா என்று கேட்டேன். இல்லை என்றார். நாங்கள் மேலே துணி எடுத்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அத்தனை நேரமும் அவர் அந்த வெயிலில், தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

அந்த முதலாளி இப்போது எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. எங்கே இருந்தாலும் அவர் நன்றாக இருக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.